போர்பனுக்கு மார்க் போடுவது

புனேயில் ஒரு போர்பன் பாட்டிலின் விலையை வைத்து அதன் தரத்தை எடை போட்டுவிடாதீர்கள். கென்டக்கியில் வார நாட்களில் சாதாரணமாக எடுத்து ஊற்றிக்கொள்கிற சரக்கு, இங்கே கடை அலமாரியில் நல்ல ஸ்காட்ச்சுக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி நிற்கும். எல்லாம் வரி செய்கிற வேலை. 2025 பிப்ரவரி வரை அதற்கு இறக்குமதித் தீர்வை 150 சதவீதம். அந்த மாதம் மத்திய அரசு போர்பனுக்கு மட்டும் அதை 100 ஆகக் குறைத்தது: அடிப்படைச் சுங்க வரி 50, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 50. அதன் தலையில் மகாராஷ்டிரத்தின் கலால், வாட், கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறி உட்காரும். ஸ்காட்ச் விலை கொடுத்து வாங்கிவிட்டு, ஸ்காட்ச் மாதிரி இல்லையே, இனிக்கிறதே, மரவாடை அடிக்கிறதே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அதிகம். இந்த அத்தியாயம் அவர்களுக்காக. போர்பனை போர்பனாக மட்டும் பார்த்து மார்க் போட வேண்டும். அதற்கு அது எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சட்டம். மகாராஷ்டிரத்தில் விஸ்கி போன்ற கடுமதுவுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். பீருக்கும் ஒயினுக்கும் 21. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே இரண்டு விஷயம் விசித்திரமாக இருக்கும். டாஸ்மாக் கிடையாது, எல்லாம் தனியார் கடை. அடுத்தது பர்மிட். 1949ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதால், குடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒருநாள், ஓராண்டு, ஆயுள் என்று மூன்று வகை உண்டு. பார் வாசலில் ‘பர்மிட் ரூம்’ என்று எழுதியிருப்பது அதனால்தான். கடைக்காரர் கேட்கவில்லை என்பதற்காக அது இல்லாமல் இருக்காதீர்கள். கணபதி விசர்ஜனம் போன்ற நாட்களில் கடை மூடியிருக்கும், நண்பர்களைக் கூப்பிடுவதற்கு முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் போர்பன் என்று எழுத வேண்டுமானால் தானியக் கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். மீதி பெரும்பாலும் ரை என்ற தானியமும் முளைகட்டிய பார்லியும். சிலர் ரைக்குப் பதில் கோதுமை போடுகிறார்கள். காய்ச்சி இறக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5ஐத் தாண்டக் கூடாது; பாட்டிலில் 40க்குக் குறையக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பீப்பாய் புத்தம்புதிய ஓக் மரத்தில் செய்து உட்புறம் தீயில் கருக்கியதாக இருக்க வேண்டும். நிறத்துக்கோ ருசிக்கோ எதுவும் சேர்க்கக் கூடாது.

இந்தக் கடைசி இரண்டு விதிகளில்தான் போர்பனின் குணம் முழுக்க இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய். பல பிராண்டுகளில் கேரமல் நிறமும் உண்டு. போர்பனில் தெரியும் செம்பழுப்பு நிறம் அத்தனையும் மரம் கொடுத்தது. ஆகவே நிறத்தைப் பார்ப்பதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு. கொஞ்சம்தான், அதற்கு மார்க் கிடையாது.

‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட்டிருந்தால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருந்தது. நான்கு வருடத்துக்குக் குறைவானால் வயதை லேபிளில் சொல்லியாக வேண்டும். ஒன்றும் சொல்லாத ஸ்ட்ரெய்ட் போர்பன் நான்கைத் தாண்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்பது 1897ஆம் வருடச் சட்டம்: ஒரே ஆலை, ஒரே பருவத்தில் காய்ச்சியது, அரசுக் கண்காணிப்பில் இருந்த கிடங்கில் நான்கு வருடம், சரியாக 50 சதவீதம். அந்தக் காலத்தில் விஸ்கி என்ற பெயரில் புகையிலைச் சாறு கலந்த பானங்கள்கூட ஓடிக்கொண்டிருந்தன, அதைத் தடுக்க வந்த சட்டம் இது.

புரூஃப் என்ற எண்ணில் நம்மவர்கள் தடுக்கி விழுவார்கள். அமெரிக்கக் கணக்கில் புரூஃப் என்பது ஆல்கஹால் சதவீதத்தைப் போல இரண்டு மடங்கு. 80 புரூஃப் என்றால் 40 சதவீதம். நம் ஊர்ப் பாட்டில்களில் இருக்கிற 75 புரூஃப், 25 யு.பி. என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு, அது 42.8 சதவீதம். எண்ணைப் பார்த்தால் 80 பெரிது, நாக்கில் 75 காரம். சதவீதத்தை மட்டும் பாருங்கள், புரூஃபை மறந்துவிடுங்கள்.

ஜாக் டேனியல்ஸ் போர்பனா என்று யாராவது கேட்டே தீருவார்கள். விதிகளில் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும். ஆனால் டென்னசியில் பீப்பாயில் ஊற்றும் முன் சர்க்கரை மேப்பிள் மரக்கரியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டுகிறார்கள்; தங்களை டென்னசி விஸ்கி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மதிப்பிடும் முறை ஒன்றுதான்.

என்ன வாங்குவது

ஒரு பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மூன்று வேண்டும், நாலு பேர் சேர்ந்து பணம் போட்டால் கட்டுப்படியாகும். பயிற்சிக்கு என் சிபாரிசு: ரை சேர்ந்த சாதாரண போர்பனுக்கு ஜிம் பீம் வெள்ளை லேபிள், கோதுமை சேர்ந்ததற்கு மேக்கர்ஸ் மார்க், மூன்றாவதாக அமெரிக்காவே அல்ல, நம் கோவாவில் தயாராகும் பால் ஜான் பிரில்லியன்ஸ்.

மூன்றாவது எதற்கு? பிரில்லியன்ஸ் பார்லியில் செய்த சிங்கிள் மால்ட். அது முதிர்வது போர்பன் இருந்து காலியான பீப்பாயில். போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பதால் பழைய பீப்பாய்கள் கென்டக்கியிலிருந்து ஸ்காட்லாந்துக்கும் பெங்களூருக்கும் கோவாவுக்கும் கப்பலேறுகின்றன. முதல் கஷாயம் போர்பனுக்கு, இரண்டாவது மற்றவர்களுக்கு. இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால், மரம் முதல் தடவை எதைக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறது, அடுத்த சரக்குக்கு என்ன மிச்சம் வைக்கிறது என்பது மூக்குக்கே தெரிந்துவிடும். பஃபலோ டிரேஸ் போர்பனைத் தயாரிக்கும் சாசராக் நிறுவனம், பால் ஜானைத் தயாரிக்கும் ஜான் டிஸ்டில்லரீஸில் 2017இலிருந்தே பங்கு வைத்திருக்கிறது. ஆக இந்த உறவு பீப்பாயோடு நிற்கவில்லை.

மேக்கர்ஸ் மார்க்கைப் பற்றி ஒரு கதை, மதிப்பிடுகிறவர்களுக்கு உதவும். 2013 பிப்ரவரியில் சரக்குத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 45 சதவீதத்தை 42 ஆக்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ருசியில் வித்தியாசமே தெரியாது என்றார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள், சில நாட்களிலேயே முடிவு வாபஸ். உண்மையில் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி. உங்களுக்குத் தெரியுமா என்று நீங்களே வீட்டில் சோதிக்கலாம்: 45 சதவீதச் சரக்கு 30 மில்லியில் 2 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 42 வந்துவிடும்.

நேரம், தண்ணீர், கோப்பை

விஸ்கிப் புத்தகங்கள் ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறச் சொல்லும். அவர்கள் அறை 20 டிகிரி. ஏப்ரலில் புனே மத்தியானம் 38ஐத் தொடும். அந்தச் சூட்டில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் ஆல்கஹால் ஆவி அறைகிற அறையில் வேறெதுவும் தெரியாது. இந்த ஊரில் போர்பனை மதிப்பிட நல்ல காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, பொழுது சாய்ந்த பிறகு. கோடையில்தான் ஆக வேண்டும் என்றால் பாட்டிலை ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். ஐஸ் வேண்டாம். குளிர்ந்தால் வாசனை சுருண்டு படுத்துக்கொள்ளும்.

ஜூலை, ஆகஸ்டில் வேறு தொல்லை. மழைக்காலத்தில் மூடிய அலமாரியில் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கோப்பைக்குள் பூஞ்சை வாடை தங்கிவிடும். அதில் ஊற்றிய சரக்கைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. காலிக் கோப்பையை முதலில் முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் வெந்நீரில் அலசிக் காற்றில் உலர்த்துங்கள், துணியால் துடைக்காதீர்கள். சோப்பும் வேண்டாம்.

கோப்பை அடி பருத்து வாய் குறுகியதாக இருக்கட்டும். கிளென்கேர்ன் கோப்பை ஆன்லைனில் கிடைக்கிறது, இல்லையென்றால் சிறிய ஒயின் கோப்பை போதும். அகல வாய் கட்டைக் கோப்பை பேசிக்கொண்டு குடிக்க நன்றாக இருக்கும், முகர உதவாது. எவர்சில்வர் தம்ளர் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் கென்டக்கிக்காரர்களுக்குப் பெருமை அதிகம். அவர்கள் மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் ஊறிவரும் நீரில் விஸ்கியைக் கெடுக்கும் இரும்பு இருக்காது. நமக்குக் கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீர். குழாயில் பிடித்தால் குளோரின் நெடி அடிக்கும் நாட்களும் உண்டு. புறநகர் அடுக்ககங்களுக்கு வரும் டேங்கர் தண்ணீரின் உப்பு ஊரறிந்தது. ஆர்.ஓ. தண்ணீரோ, சீல் உடைக்காத பாட்டில் தண்ணீரோ போதும். எல்லாக் கோப்பைக்கும் ஒரே தண்ணீர் என்பதுதான் முக்கியம்.

வெறும் வயிற்றில் வேண்டாம். மிசல் பாவ் சாப்பிட்ட நாக்கோடும் வேண்டாம். தயிர்சாதம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருவது உத்தமம். சக்னா, பக்கர்வடி எல்லாம் மார்க் போட்டு முடித்த பிறகு. விளக்கேற்றி ஊதுபத்தி வைத்த அறையில் உட்காராதீர்கள், சென்ட் போட்ட நண்பரை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

முகர்வது

மொத்த வேலையில் முக்கால் பங்கு மூக்குடையது. ஆளுக்கு ஒவ்வொரு கோப்பையிலும் 15 மில்லி, மூன்றுக்கும் சேர்த்து 45 போதும். ஊற்றி ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஒயினைச் சுழற்றுவதுபோலச் சுழற்றினால் ஆல்கஹால்தான் முதலில் கிளம்பும்.

கோப்பையை மோவாய்க்குக் கீழே பிடித்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாய் லேசாகத் திறந்திருக்கட்டும், மூக்கில் எரிச்சல் பாதியாகும். ஆழமாக இழுக்க வேண்டாம். கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற அளவு போதும். மூக்கு மரத்துவிட்டால் உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள், மீண்டும் தயாராகிவிடும்.

இப்போது சொற்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் பட்டர்ஸ்காட்ச், டாஃபி, மராஷினோ செர்ரி என்று அடுக்கியிருப்பார்கள். நீங்கள் சிறு வயதில் முகராத எதையும் எழுதாதீர்கள். ஓக் மரத்தின் லிக்னின் கருகும்போது வெனிலின் பிறக்கிறது. புனேக்காரர்களுக்கு அது கேம்ப் பகுதி கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பரி பிஸ்கட் டப்பாவைத் திறந்த வாசனை. அமெரிக்க வெள்ளை ஓக்கில் லாக்டோன் என்ற பொருள் அதிகம். அது கொப்பரைத் தேங்காய். இதைக் கண்டுபிடிக்கத் தமிழ் மூக்குக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யூஜெனால் என்பது கிராம்பில் இருப்பதேதான், மரத்திலிருந்தும் வரும். கருகிய ஓக்கிலிருந்து லேசான புகை வாடையும் வரலாம். புளிக்க வைக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஒரு எஸ்டர் பழுத்த வாழைப்பழமாக மணக்கும். ஜாக் டேனியல்ஸில் பலர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

ஜிம் பீமில் வறுத்த வேர்க்கடலை வரும். வெல்லப்பாகும் கூடவே இருப்பதால் லோனாவளா சிக்கி என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். ரை அதிகமிருந்தால் சுக்கு, மிளகு, சில சமயம் புதினா. கோதுமை சேர்த்ததில் அந்தக் காரம் இருக்காது. ரொட்டியும் தேனுமாக மென்மையாக வரும். மேக்கர்ஸ் மார்க்கின் பில் சாமுவேல்ஸ் 1950களில் எந்தத் தானியம் என்று முடிவு செய்ய ஒவ்வொரு கலவையிலும் ரொட்டி சுட்டுப் பார்த்தார் என்பார்கள். சாராயத்துக்குச் சமையலறையில் வைத்த பரீட்சை.

குறைகளையும் மூக்குதான் பிடிக்கும். நெயில் பாலிஷ் நெடி தூக்கலாக இருந்தால் எத்தில் அசிடேட் அளவு மீறியிருக்கிறது. பச்சைச் சோளமாவு வாடை என்றால் இளசு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கைச் சந்தேகப்படலாம். அறுத்த பலகையின் வாடையும் துவர்ப்பும் மட்டுமே மிஞ்சினால் பீப்பாயில் அதிக நாள் இருந்துவிட்டது. இதைக் குறிப்பாக நினைவில் வையுங்கள். புது மரம் என்பதால் போர்பனுக்கு வயது ஏற ஏற நல்லது என்ற கணக்கு செல்லாது. ஸ்காட்ச்சில் 18 வருடம் என்றால் கைகட்டி நிற்கிறோமே, அந்த மரியாதையை இங்கே கொண்டுவர வேண்டாம். எனக்குத் தெரிந்து எட்டு, பத்து வருடத்தைத் தாண்டிய போர்பன்களில் பாதி தச்சுப்பட்டறை.

வாய்

முதல் வாய்க்கு மார்க் கிடையாது, அது நாக்கைப் பழக்க. நெஞ்சு எரியாமல் இறங்கியதா என்று பார்ப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஸ்மூத்தாக இருப்பது ஒரு குணம்தான், ஆனால் தண்ணீரைவிட ஸ்மூத்தான பானம் கிடையாது. 50 சதவீதச் சரக்கு எரியத்தான் செய்யும். எரிச்சல் அடங்கியபின் என்ன நிற்கிறது என்பதே விஷயம்.

இரண்டாவது வாய் ஒரு தேக்கரண்டி. ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ விஸ்கியை வாயில் வைத்து மென்று காட்டுவார். ‘கென்டக்கி மெல்லல்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் நீங்களும் மெல்லுங்கள். நாக்கின் நுனி, பக்கம், அடி எல்லா இடமும் படட்டும், விழுங்கி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முகர்ந்ததும் வாயில் வந்ததும் ஒத்துப்போகிறதா? மூக்கில் வெல்லமும் தேங்காயுமாக ஆசைகாட்டிவிட்டு வாயில் வெறும் சீனித்தண்ணீராக நிற்பவை பல. பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நொடியில் மறைந்தால் சாதாரணம், அரை நிமிடம் நின்றால் நல்லது. கசந்துகொண்டு ஒரு நிமிடம் நின்றால் அது சிறப்பல்ல.

அடுத்து தண்ணீர், சொட்டு மருந்துக் குழாயால் ஐந்தாறு சொட்டு. ராவாக அடிப்பதுதான் வீரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்காட்லாந்தின் கலவை நிபுணர்கள் முகர்வதே சுமார் 20 சதவீதத்துக்கு நீர்த்த பிறகுதான். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்து, நீர் சேரும்போது குவாயகால் என்ற வாசனைப்பொருள் மேற்பரப்புக்கு வருவதைக் காட்டினார்கள். புகையும் மசாலாவும் கலந்த வாசனைக்குக் காரணம் அதுதான்.

நீர் கலந்த போர்பனில் இன்னொரு வேடிக்கை உண்டு. லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் குழுவினர், 25 சதவீதம் அளவுக்கு நீர்த்த அமெரிக்க விஸ்கியின் சிறு துளிகளைக் கண்ணாடியில் காயவிட்டபோது சிலந்திவலை போன்ற கோலங்கள் மிஞ்சின. பிராண்டுக்குப் பிராண்டு கோலம் வேறு. ஸ்காட்ச்சில் அது வரவில்லை. புதுப்பீப்பாய் மரத்திலிருந்து இறங்கிய பொருட்கள்தான் காரணம் என்கிறார்கள். நுண்ணோக்கி இருக்கிற வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட மது விஷயத்தில் இது ஒன்றுதான் உண்டு.

மார்க்

ஜிம் மரே என்ற ஆங்கில விமர்சகர் மூக்கு, வாய், முடிவு, சமநிலை நான்குக்கும் தலா 25 கொடுத்து நூற்றுக்குப் போடுகிறார். பெங்களூரின் அம்ருத் ஃபியூஷனுக்கு 97 போட்டு, 2010 பதிப்பில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று அவர் எழுதியபிறகுதான் இந்திய சிங்கிள் மால்ட்டை வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போர்பனுக்கு இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றச் சொல்வேன்: மூக்குக்கு 30, வாய்க்கு 30, முடிவுக்கு 20, தண்ணீர் சேர்த்தபின் அது திறக்கிறதா, உடைகிறதா என்பதற்கு 20. மோசமான போர்பனில் ஆறு சொட்டுத் தண்ணீர் விட்டால் இனிப்பு மட்டும் மேலே மிதக்கும், மற்றதெல்லாம் காணாமல் போய்விடும்.

பாட்டிலைப் பார்த்துக்கொண்டு போடும் மார்க்குக்கு மதிப்பில்லை. வீட்டில் குடிக்காத ஒருவரை வேறு அறையில் ஊற்றிவரச் சொல்லுங்கள். கோப்பைகள் ஒரே மாதிரி, அடியில் சீட்டு. எல்லோரும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கூட்டத்தில் பெரியவர் ஒருவர் “ஆஹா, வெனிலா!” என்று சொல்லிவிட்டால் அத்தனை பேருக்கும் வெனிலா வந்துவிடும். ஒரே சரக்கைத் தெரியாமல் இரண்டு கோப்பையில் ஊற்றிவைத்து, இரண்டுக்கும் ஒருவர் எவ்வளவு மார்க் போடுகிறார் என்று பார்ப்பது நல்ல சோதனை. பத்து மார்க் வித்தியாசம் வந்தால் அவர் இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி எடுக்கட்டும்.

துப்புவதற்கு ஒரு சொம்பு வையுங்கள். போட்டி நடுவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். துப்பாதவர் வண்டிச் சாவியைத் தொடக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பை 45 மில்லி சரக்கே சிலருக்குத் தாண்டவைத்துவிடும்.

முடிந்ததும் பாட்டிலை நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒயின் மாதிரிப் படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரிக்கும். பாதிக்குமேல் காலியான பாட்டிலில் காற்று வேலை செய்யும். இரண்டு மாதம் கழித்து மீண்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு பாருங்கள். மேக்கர்ஸ் மார்க் போன்ற மென்மையானவை தட்டையாகிவிடும், காரமான சில சரக்குகள் இன்னும் நன்றாகக்கூட ஆகியிருக்கும். எழுபதுக்குக் கீழே மார்க் வாங்கியதை வீணாக்க வேண்டாம். நிறைய சோடா, ஒரு எலுமிச்சைத் தோல், அப்போது மட்டும் ஐஸ்.